மேசை வக்கீல்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் கற்பனைக் கதையாட்டம் ஆடும் எந்த மேசையிலும் ஒரு வக்கீல் இருப்பார். சட்டக் கல்லூரிப் பக்கமே போயிருக்க மாட்டார். மற்றவர்கள் பகடையும் நொறுக்குத் தீனியுமாக வர, இவர் மட்டும் ஆட்டக்காரர் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் வண்ணச் சீட்டு ஒட்டிக் கொண்டுவருவார். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த ஆட்டத்தை மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்ட அன்றே இந்த இனமும் பிறந்திருக்க வேண்டும்.

பலர் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கினால் போதும், எங்கள் வக்கீலுக்கு உயிர் வந்துவிடும். போன வார ஆட்டத்தில் ஓகர் அரக்கன் ஒருவன் வெளியிலிருந்து கதவைத் தள்ள, நாங்கள் நால்வர் உள்ளே முட்டுக் கொடுத்தோம். 2014 பதிப்பின் விதி எளியது. உதவிக்கு ஆள் இருந்தால், 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். மூன்று பேர் உதவினாலும் அதே இரண்டு முறைதான்.

"அப்ப மூணாவது ஆள் வேடிக்கை பார்க்கவா?" என்று சீறியவர், உடனே குழுச் சோதனைக்குத் தாவினார். எல்லோரும் உருட்டட்டும், பாதிப் பேர் தேறினால் குழுவே தேறியதாகக் கணக்கு!

அதற்குள் இன்னொரு ஓகர் துணைக்கு வந்துவிட்டான். வக்கீல் கட்சி மாறினார். "சேர்ந்து செய்தால் பலன் இருக்கிற வேலைக்குத்தான் உதவி செல்லும். ஊசியில் நூல் கோக்கத் துணை ஆள் உதவாதுன்னு புத்தகமே சொல்லுது."

"கதவைத் தள்றதும் ஊசியில நூல் கோக்கறதும் ஒண்ணா?" என்றார் ஆட்டத்தை நடத்தும் மாஸ்டர்.

"வாசல் குறுகல்னு சொன்னது நீங்கதானே மாஸ்டர்?"

ஆட்டத்துக்கு அதிகாரி விதிகள் அல்ல, மாஸ்டரே என்று மாஸ்டர் கையேட்டில் அச்சிட்டிருக்கிறது. அந்தப் புத்தகத்தை மட்டும் வக்கீல் வாங்கவில்லை. புதிய பதிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை. 2024 பதிப்பில் மல்லுக்கட்டுக்கு இருவரும் எதிரெதிரே உருட்டும் முறையை எடுத்துவிட்டு, பிடிபடுபவர் மட்டும் தப்பிக்க உருட்டினால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். வாதாட இடமில்லாத விதி எதற்கு? எங்கள் மேசை இன்னும் 2014-இலேயே இருப்பதற்கு அவர்தான் காரணம்.

கடைசியில் எதிரெதிரே உருட்டினோம். இருபக்கமும் 17. சமன் என்றால் முந்தைய நிலையே நீடிக்கும். புத்தகத்திலேயே கதவு உதாரணம் இருக்கிறது: மூடிய கதவு மூடியபடியே. தப்பித்தோம் என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

வக்கீல் விரலை உயர்த்தினார். "முந்தைய நிலைன்னா, ஓகரோட கட்டைவிரல் இன்னும் கதவிடுக்குலதான் இருக்கு. சுற்றுக்கு எவ்வளவு காயம் மாஸ்டர்?"