திரைக்குள் ஒரு பெரட்டு

வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டால் ஆள் தூங்கிவிடுவானாம். துணி துவைப்பானாம். நடுவில் எழுந்து போய்ப் பிள்ளையைக் கொஞ்சுவானாம். கோலாலம்பூர்க் குளிர்சாதன அறைகளில் முதலாளிமார் இப்படி உருகுவதைக் கேட்கும்போது, மலாக்காத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பதா, காறித் துப்புவதா என்று தெரியவில்லை. ஐயா, வீட்டையும் வேலையையும் ஒரே வேலிக்குள் போட்டுப் பூட்டியதே உங்கள் பாட்டன்மார்தானே!

1896-இல் மலாக்கா வணிகர் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிபத்துக்காகப் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது. அடுத்து புக்கிட் அசகான். பின்னாலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்தன, கப்பல் கப்பலாக நம்மவர்கள் வந்தார்கள், லயங்கள் எழுந்தன. வாசலைத் தாண்டினால் மரம் வெட்டும் நிரை. நெரிசல் இல்லை, டோல் இல்லை. கோயில் உள்ளே, தமிழ்ப்பள்ளி உள்ளே, ஆயாக் கொட்டகை உள்ளே, கள்ளுக்கடையும் உள்ளே. வேலையாள் வெளியே போகாமலிருக்க வளாகத்துக்குள்ளேயே சாப்பாடும் உடற்பயிற்சிக் கூடமும் கட்டித் தருவதைக் கலிபோர்னியாக் கம்பெனிகளின் புதுமை என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. ஜாசின் தோட்டங்களில் அந்தக் காரியத்துக்குக் கள்ளுக்கடையே போதுமானதாக இருந்தது.

அப்போது எந்தத் துரையும் "வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் உழைக்க மாட்டானே" என்று கவலைப்படவில்லை. ஏன் கவலைப்பட வேண்டும்? வீடு கம்பெனி வீடு. வேலை இருக்கும்வரைதான் கூரை. 55 வயதாகிப் பால்மரம் வெட்ட முடியாமல் போனவரிடம் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அல்லது வீட்டில் ஒருவராவது செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டில் பேர் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அப்படித்தான் எத்தனையோ வீட்டில் கடைசிப் பையன் பள்ளியை விட்டு நின்று வெளிக்காட்டு வேலைக்குப் பேர் கொடுத்தான். கூரை தப்பியது, படிப்பு போயிற்று. அதற்கு யாரும் உற்பத்தித் திறன் ஆய்வு நடத்தவில்லை.

பெரட்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விடிவதற்கு முன், ஆள் முகம் ஆளுக்குத் தெரியாத இருட்டில், களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் கிராணியார் செக்ரோலைப் பிரித்துப் பேர் வாசிப்பார். மண்டோர் தலை எண்ணுவார். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வருகிறவளுடைய பேரைத் தாண்டிக் கிராணியார் அடுத்த பேருக்குப் போயிருந்தால், அன்று அவளுக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. கெஞ்சினாலும் பயன் இல்லை. வாளியையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அவள் முந்தின நாள் எத்தனை மரம் வெட்டினாள், எவ்வளவு பால் கொண்டுவந்தாள் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. ஆள் நின்றாளா, பேருக்குக் குரல் கொடுத்தாளா, அவ்வளவுதான்.

இன்று காலை ஒன்பது மணிக்குக் கணினித் திரையில் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்க்கிறாரே மேலாளர், அவர் யார்? கிராணியாருக்குப் பேரன். கேமராவைத் திறந்து வை என்கிறார். சுட்டெலி பத்து நிமிடம் அசையாவிட்டால் எங்கே போனாய் என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார். கழிப்பறைக்குப் போனேன் என்று எம்பிஏ படித்த பெண் பதில் எழுத வேண்டியிருக்கிறது. நான்கு தலைமுறை படித்து முன்னேறி நாம் வந்து சேர்ந்த பெரட்டுக் களம் இது. விளக்கு மட்டும் மாறியிருக்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, செம்பனைக்கும் தாமான்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் மாறின. லயத்தைக் காலி செய்தவர்கள் பட்டணத்து ஓரங்களில் மலிவு வீடு வாங்கி, வங்கிக்கு ஆயுள் முழுக்கத் தவணை கட்டுகிறார்கள். தோட்டத்துத் தமிழனுக்குக் கம்பெனிக்குச் சொந்தமில்லாத ஒரு வாசல் இப்போதுதான் கிடைத்தது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கம்பெனி கண்டுபிடித்திருக்கிறது: வீடு வேலைக்கு ஏற்ற இடமில்லையாம்!

மலாக்காவில் ஆயர் குரோவிலும் டுரியான் துங்காலிலும் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படித்த பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து செய்யக்கூடிய கணக்கு வேலைக்கும் நிரல் எழுதும் வேலைக்கும் கோலாலம்பூருக்குப் பக்கத்துப் பூச்சோங்கில் அறை எடுத்து, சம்பளத்தில் மூன்றிலொரு பங்கை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். அலுவலகம் போய் என்ன செய்கிறார்கள்? காதில் கருவி மாட்டிக்கொண்டு, பினாங்கில் இருக்கும் சக ஊழியரோடு இணையக் கூட்டம் நடத்துகிறார்கள். வெள்ளி இரவு அலோர் காஜா, ஆயர் குரோ டோல் சாவடிகளில் வரிசை பிடித்து ஊர் திரும்பும் கார்களை எண்ணிப் பாருங்கள். இவர்கள் கட்டும் டோலும் ஊற்றும் பெட்ரோலும் எந்த நிறுவனத்தின் 'குழு உணர்வை' வளர்க்கின்றன?

எல்லா வேலையையும் வீட்டுக்குத் தூக்கிவர முடியாது, அது தெரியும். பால்மரம் சமையலறையில் முளைக்காது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாடே கதவைச் சாத்தியது. செம்பனைக் குலை அறுத்தவர்களுக்குக் கதவு சாத்தப்படவில்லை. அந்தக் குலைக்குக் கணக்கு எழுதிய தலைமை அலுவலகப் பெரியவர்கள் வீட்டுச் சோபாவில் இருந்தபடி கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனி மூழ்கவில்லை. அவர்களில் யாரும் தூங்கிவிட்டதாகவும் புகார் இல்லை. தங்களுக்கு அப்போது இருந்த நாணயம் தங்கள் குமாஸ்தாவுக்கு இப்போது இருக்காது என்று அதே ஆட்கள் சாதிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. குலை அறுத்தவருக்கு அந்த ஆபத்துக் காலத்துக்கு என்ன கூடுதலாகக் கொடுத்தீர்கள் என்று கேட்டால், நன்றி சொல்லும் பதாகையைக் காட்டுவார்கள்.

சட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. 60P, 60Q பிரிவுகளின்படி வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் நியாயமாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது. "நிர்வாகத் தேவை" என்று இரண்டு சொல் எழுதினால் முடிந்தது. கதவைத் தட்டும் உரிமையைக் கொடுத்துவிட்டுத் தாழ்ப்பாளை உள்ளே இருப்பவனிடம் விட்டிருக்கிறார்கள். இதைத்தான் தொழிலாளர் நலன் என்று மேடை மேடையாகப் பேசுகிறார்கள்.

1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். மனு எழுதிக் கொடுத்துவிட்டு லயத்தில் காத்திருந்தால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்களுக்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம். தொடங்க ஒரு பக்கக் கடிதம் போதும். எழுதுங்கள், தேதி போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக எழுதாதீர்கள், பக்கத்து மேசைக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். 60 நாள் எண்ணுங்கள். "நிர்வாகத் தேவை" என்று பதில் வந்தால், எது அந்தத் தேவை என்று மறுபடியும் எழுத்திலேயே கேளுங்கள். பிறகு இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு தொழிற்சங்கத்துக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் போங்கள்.