பெட்டிக்கு ஏசி அறை

ஊவாவில் ரொபோவா என்று கேட்பவர்கள் பதுளைப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலைகளில் சலிக்கும் பகுதியை எட்டிப் பார்க்கலாம். கையும் காலும் இல்லாத ஒரு பெட்டி நிற்கும். பெயர் கலர் சோர்ட்டர். மேலிருந்து கொட்டும் தேயிலையைக் கமராவால் பார்த்து, குச்சி தெரிந்த கணமே காற்றை ஊதி அப்பால் தள்ளும். முன்பு பெண்கள் உட்கார்ந்து கையால் பொறுக்கிய வேலை.

வாங்குவது லேசு. பழைய ஆட்களோடு அதைக் குடித்தனம் நடத்த வைப்பதுதான் பெரும்பாடு. அப்புத்தளைக்கு மேலே லிப்டன் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலை 1890ஆம் ஆண்டினது. அந்தக் காலத்து இரும்பு ரோலர், தூசையும் ஈரத்தையும் சட்டை செய்யாத ஜாதி. புதியவர் அப்படியல்ல. கொம்பிரசர் காற்றில் ஈரம் இருந்தால் வால்வு மக்கர் பண்ணும். மின்னழுத்தம் ஆடக்கூடாது. கண்ணாடியில் தூசு படியக்கூடாது. தேயிலை குவியலாக விழுந்தால் குச்சியோடு நல்ல தூளும் போய்விடும். ஆகவே தனி அறை, ஸ்டெபிலைசர், ஏசி.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவின் தகரம் ஒழுகினால் மட்டும் பட்ஜெட் இருக்காது. அவர்கள் நாட்சம்பளம் 1,000 ரூபாய் கேட்டு ஆண்டுக்கணக்காகக் கத்தியது 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது. பெட்டிக்குத் தொழிற்சங்கமே இல்லை, சந்தாவும் கட்டுவதில்லை. சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றால் போதும், கொழும்பிலிருந்து ஆள் புறப்பட்டுவிடுவார்.

கொழுந்து பறிக்கும் ரொபோ மட்டும் இன்னும் எங்கள் மலை ஏறவில்லை. சரிவு, மழை, அட்டை எல்லாம் இருக்கட்டும். நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் என்று அதனிடம் எந்தக் கங்காணி போய்ச் சொல்வார்?