நின்று பழகிய கால்கள்

கேள்வி: ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்றுவிட்டேன். நெடுந்தூரம் நடந்து இயற்கையைப் பற்றி எழுத ஆவல். இவ்வயதில் கால்கள் இசையுமா? (ஒரு வாசகர், ராசிபுரம்)

பதில்: பணிக்காலம் முழுவதும் பிள்ளைகளை உட்காரவைத்துத் தாம் நின்றுகொண்டே பாடம் சொன்னவருக்குக் கால்களைப் பற்றிச் சந்தேகம் எதற்கு? பள்ளி ஆசிரியராயிருந்து வானொலிக்குச் சென்ற தி. ஜானகிராமன், எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து காவேரியைத் தொடர்ந்து சென்று 1971-இல் 'நடந்தாய் வாழி, காவேரி' என்னும் பயண நூலைத் தந்தார். அவர்கள் பெரும்பாலும் காரில் சென்றமையால், நடையின் பாக்கி தங்களுக்கென்றே மீந்திருக்கிறது. சேர்வராயன் மலையில் உற்பத்தியாகி, சேலம் நகரின் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்து, நாமக்கல் சமவெளியைக் கடந்து, நஞ்சை இடையாற்றருகே காவேரியில் சங்கமிக்கும் திருமணிமுத்தாற்றின் கரையோடு நடங்கள். மார்கழியில் தொடங்குவது உத்தமம். கொக்கையும் கோரையையும் வர்ணிக்கும் அதே சிரத்தையோடு கழிவு நுரையையும் எழுதுங்கள். அது பொங்கும் ஊரின் பெயரையும் தேதியையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.