ஆடி மாத மைக் செட் அனுமதி: தோற்றமும் வளர்ச்சியும் தேய்மானமும்

பாயிரம்

அம்மன் வழிபாட்டைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. கூழைப் பற்றி எழுதியவர்களும் உண்டு. கூழ் ஊற்றும் நாளில் மைக் செட் வைப்பதற்காகக் காவல் நிலையத்தில் வாங்கும் ஒற்றைத் தாளைப் பற்றி மட்டும் அறிஞருலகம் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. திறந்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழுந்திருக்காது. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு.

ஆய்வுக் களம்: சென்னைப் புறநகரில் 20 அடி அகலமுள்ள எங்கள் தெரு. ஆய்வாளரின் தகுதி: விழாக்குழுவிலேயே கையெழுத்து ஓரளவு புரியும்படி இருப்பவர் என்பதால் மனு எழுத உட்கார வைக்கப்பட்டவர்.

சட்ட இயல்

இத்துறையின் மூலநூல், ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. மத்திய அரசு இதை வெளியிட்ட நாள் பிப்ரவரி 14. காதலர் தினத்தில் பிறந்தும் யாராலும் காதலிக்கப்படாத விதி இது ஒன்றே என்க.

விதி சொல்வது சுருக்கம். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடவே கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு மனம் வைத்தால் நள்ளிரவு 12 வரை நீட்டலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மைக் செட் வைத்த பொது இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 10 டெசிபல் கூடலாம், அல்லது 75 வரை போகலாம். இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு. ஆக எங்கள் தெருவுக்குப் பகலில் 65.

இங்கே 'எல்லை' என்ற சொல்லில்தான் உரையாசிரியர்கள் மோதிக்கொள்கிறார்கள். எங்கள் கோயிலுக்கு மதில் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வரை எல்லை என்பது விழாக்குழு உரை. பாட்டு கேட்கும் இடமெல்லாம் அம்மன் எல்லைதான் என்பது பூசாரி உரை. பூசாரி உரையே சிறந்தது. ஏனெனில் அதன்படி எல்லைக்குப் போய் அளந்தால் அங்கே பாட்டே கேட்காது. விதியை மீறுவது என்பது ஒருக்காலும் நடவாத காரியமாகிவிடும்.

இவ்வியலில் சென்னைக்குத் தனிப்பெருமை உண்டு. ஒலிபெருக்கி வைத்து, அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது, சென்னையில் ஒரு தேவாலயத்துக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் நடந்த வழக்கில்தான்.

மனு இயல்

மனுவின் உறுப்புகள் ஐந்து: அனுப்புநர், பெறுநர், பொருள், 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்', ஜெராக்ஸ். பெறுநர் என்ற இடத்தில் 'காவல் ஆய்வாளர் அவர்கள்' என்று எழுத வேண்டும். ஆய்வாளன் ஆய்வாளருக்கு எழுதும் ஒரே இலக்கிய வகை இதுவே.

மனு மூன்று நாள் நடந்தது. முதல் நாள், ஐயா ரவுண்ட்ஸ். இரண்டாம் நாள், மைக் செட்காரரின் ஆதார் நகல் இல்லை. மூன்றாம் நாள் ரைட்டர் மனுவைப் படித்தே விட்டார்.

"கொழாய் எத்தனை?"

"கொழாய் இல்லீங்கய்யா, பாக்ஸ்தான். நாலு."

"போன வருஷமும் நாலுன்னுதான் எழுதிக் குடுத்தீங்க."

"ஆமாங்கய்யா."

"நான் பந்தோபஸ்துக்கு வந்தப்ப எண்ணிப் பாத்தேன். பதினொண்ணு."

விழாக்குழு ஒருமனதாகத் தரையைப் பார்த்தது.

"சரி, இந்த வருஷம் ரெண்டுன்னு எழுதுங்க. கொறைஞ்ச மாதிரியாவது இருக்கட்டும்."

சீல் விழுந்தது. கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, போக்குவரத்துக்கு இடையூறு கூடாது, பிறர் மனம் புண்படும் பாட்டு கூடாது என்று நிபந்தனைகள் வரிசையாக நின்றன.

ஒலி இயல்

பதினொரு பாக்ஸ் ஏன்? "அப்பத்தான் சார் எடுக்கும்" என்பது மைக் செட்காரர் கோட்பாடு. டெசிபல் என்பதோ மடக்கைக் கணக்கு. ஒரு பாக்ஸ் இருக்கும் இடத்தில் அதே மாதிரி இன்னொன்றை வைத்தால் 3 டெசிபல்தான் ஏறும். நம் காதுக்குச் சத்தம் இரட்டித்ததாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பத்துப் பாக்ஸ் வேண்டும். ஆகவே போன ஆண்டு விழாக்குழு பதினொரு பாக்ஸுக்கு வாடகை கொடுத்து இரண்டு பாக்ஸ் அளவுக்குத்தான் சத்தம் வாங்கியிருக்கிறது என்பது நிறுவப்பட்டது. ரைட்டர் சொன்ன 'ரெண்டு' அறிவியல்படி மிகச் சரி.

தூரக் கணக்கும் உண்டு. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 95 டெசிபல் எழுப்பும் பாக்ஸ் 65-க்கு இறங்க ஏறத்தாழ 32 மீட்டர் வேண்டும். 20 அடித் தெருவில் எதிர்வீட்டுக்காரர் சட்டப்படி கேட்க வேண்டுமானால் பின்தெருவுக்குக் குடிபோக வேண்டும்.

காதியல்

விழா நாள், பிற்பகல் நான்கரை. எல்.ஆர்.ஈஸ்வரி முழங்கிக்கொண்டிருந்தார். என் செல்போன் செயலி 88 காட்டியது. அதன் துல்லியத்துக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆம்ப்ளிஃபயர் வைத்த மர மேசை அதிர்ந்து ஆடாமல் நின்றது. ஏன் என்று குனிந்து பார்த்தேன். குட்டைக் காலுக்கு அடியில் நான்காக மடித்த தாள் ஒன்று முட்டுக் கொடுத்திருந்தது. ஓரத்தில் ஊதா சீல்.

அந்நேரம் எதிர்வீட்டு ஆயா காலிச் சொம்போடு வந்தார். மைக் செட் பையனின் தோளைத் தட்டினார்.

"யப்பா, பேத்தி பச்ச ஒடம்புக்காரி. புள்ள இப்பத்தான் கண்ணசந்துச்சு. ஈஸ்வரியம்மா பாட்டுன்னா எனக்கும் உசுருதான். கொஞ்சம் மெதுவா வைடா சாமி."

பையன் திருகைத் திருப்பினான். எட்டிலிருந்து மூன்று. செயலியில் 64.

முடிபு: அந்தத் தாளில் அனுப்புநர் உண்டு, பெறுநர் உண்டு, சீல் உண்டு, நிபந்தனை உண்டு, கேட்கப் போகிறவர் பெயர் மட்டும் இல்லை. ஆகவே வரும் ஆடியில் எங்கள் மனுவுக்குப் பெறுநர் இருவர். காவல் ஆய்வாளருக்கு மூன்று பிரதி, ஆதார் நகலோடு. எதிர்வீட்டு ஆயாவுக்கு விழாவுக்கு முதல் நாளே நேரில் ஒரு வார்த்தை, மறுநாள் முதல் சொம்புக் கூழ். மேசைக் காலுக்கு ஒரு மரத்துண்டு சொல்லி வைத்திருக்கிறோம்.