மூச்சுக்கு மூச்சு மருந்து

கே: நீல இன்ஹேலர் அடித்தால் உடனே இழுப்பு அடங்குகிறது. டாக்டர் தினமும் அடிக்கச் சொன்ன இன்னொன்றால் ஒரு பலனும் தெரியவில்லை. நிறுத்திவிடலாமா?
– ஆஸ்துமாக்காரர், கோவை

ப: கேட்டவுடன் தருபவர்தான் நல்லவர் என்றால், ஊரிலேயே உத்தமர் கந்துவட்டிக்காரர்தான்! நீலத்தில் இருக்கும் சால்பியூட்டமால் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். நாலைந்து மணி நேரம் தாங்கும். உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதைத் தணிப்பது அந்தப் 'பலன் தெரியாத' ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். ஆஸ்துமாவுக்குச் சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 'ஜைனா' என்ற உலக ஆஸ்துமா அமைப்பு 2019-லேயே சொல்லிவிட்டது. நீல இன்ஹேலர் மளமளவென்று காலியானால் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

கே: ஸ்டீராய்டு என்றாலே குலை நடுங்குகிறதே?
– வாசகி, கும்பகோணம்

ப: மாத்திரை மில்லிகிராம் கணக்கு, இன்ஹேலர் மைக்ரோகிராம் கணக்கு. ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடித்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். சோம்பல்பட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியலாம், குரல் கம்மலாம்.

கே: சளிக்கு மாண்டெலூகாஸ்ட் சாப்பிடும் என் பையன் ராத்திரியில் அலறி எழுகிறான். மந்திரிக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

ப: பேயைத் தேடுமுன் மாத்திரை அட்டையைப் பாருங்கள். கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூட வரலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2020-ல் கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறது. எல்லோருக்கும் வராது, வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். பூசாரிக்குப் பிரிஸ்கிரிப்ஷன் படிக்கத் தெரியாது!