ஒரே ஒரு சின்ன மாத்தம்

டிசைன் தொடங்கும் நாளில் எங்கள் சார் வாயே திறக்க மாட்டார். நாங்கள் கிரைண்டரைத் திரையில் குறுக்கே வெட்டி, சுழற்றிச் சுழற்றிக் காட்டுவோம். அவர் போனில் இருப்பார். "நல்லா இருக்குதுங்க தம்பி, மேல பாருங்க" என்று கையெழுத்தும் போட்டுவிடுவார்.

மோல்டு வெட்டி, முதல் பீஸ் மேசைக்கு வந்ததும்தான் ஐயாவுக்கு ஞானக்கண் திறக்கும். கவிழ்ப்பார். நகத்தால் தட்டுவார். மோந்துகூடப் பார்ப்பார். பிறகு, "ஏந்தம்பி, இந்த போல்ட் எம்6-தானுங்களா? எம்8 போட்டா கெட்டியா இருக்குமில்ல? சின்ன மாத்தந்தான்."

சின்ன மாத்தம்! துளை பெரிதாக வேண்டும் என்றால் மோல்டில் பின் மாற வேண்டும். துளையைச் சுற்றியுள்ள சுவர் மெலியும். தடிப்பாக்க இரும்பைக் குடைய வேண்டும். 10 நம்பர் ஸ்பேனர் திரும்பிய சந்தில் 13 நம்பர் திரும்பாது. பக்கத்து ரிப்பை நகர்த்த வேண்டும். ரிப் நகர்ந்தால் மோல்டில் அதன் பழைய பள்ளத்தை வெல்டு வைத்து அடைக்க வேண்டும். மோல்டுக்காரர் எங்கள் நம்பரைப் பார்த்தாலே போனை எடுப்பதில்லை.

டிராயிங்கில் மாற்றத்துக்கு ஓர் எழுத்து: ஏ, பி, சி என்று ஏறும். அமெரிக்கத் தரவிதிப்படி ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆகாது. ஐ ஒன்றாகவும் ஓ சைபராகவும் தெரிந்துவிடும் அல்லவா? மிச்சம் 20 எழுத்து. எங்கள் கிரைண்டரின் அடிப்பாகம் ஒய்யையும் தாண்டிவிட்டது. அடுத்து ஏஏ போடலாம் என்று அதே விதியில் இருக்கிறது. அமெரிக்காவிலும் இவரைப் போல் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

கொடுமை, பாதிக்கு மேல் அவர் சொல்வது சரி. அந்த எம்8 சரிதான். இருபது வருஷம் பட்டறையில் கை கறுத்தவர். திரையில் தெரியாதது விரலுக்குத் தெரிகிறது. அதைக் கையெழுத்துப் போடும் முன் சொல்லித் தொலைத்தால் என்ன? நாங்கள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை மோல்டு கடையில் டீ குடிப்பது?

இப்போது முதல் வாரமே 3டி பிரின்டரில் ஒன்று எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, "மோல்டுல இருந்து வந்துருச்சுங்க சார்" என்று நீட்டுகிறோம். கவிழ்க்கிறார், தட்டுகிறார், மாத்தம் சொல்கிறார். மூன்றாவது பீஸில்தான் புருவம் நெரிந்தது.

"ஏந்தம்பி, சத்தம் வேற மாதிரி வருதே?"

"மழைக்காலமுங்க சார்" என்றேன்.