ஹெல்கனில் யார் பின்னால் ஓடுவது?

கேள்வி: ஸ்கைரிம் விளையாட்டில் முதலில் எந்தப் பக்கம் சேர்வது, பேரரசா, ஸ்டார்ம்கிளோக்கா?

பதில்: அவசரமே வேண்டாம். விளையாட்டின் தொடக்கத்தில் ஹெல்கன் ஊரை டிராகன் தாக்கும்போது பேரரசு வீரர் ஹாட்வர் பின்னால் ஓடினாலும் ஸ்டார்ம்கிளோக் வீரர் ராலோஃப் பின்னால் ஓடினாலும் போய்ச் சேர்வது ரிவர்வுட்தான். அங்கே ஒருவருக்கு மாமா, மற்றவருக்குச் சகோதரி; உதவி நிச்சயம். எந்தப் படையிலும் பிறகு சேரலாம். “மரண தண்டனைப் பட்டியலில் பெயரே இல்லாத என்னை வெட்டப் பார்த்த பேரரசுக்கா உழைப்பது?” என்பீர்கள். நியாயமான கோபம்தான். ஆனால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்றே! ஸ்டார்ம்கிளோக் தலைவர் உல்ஃப்ரிக் ஆளும் விண்ட்ஹெல்ம் நகருக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். டார்க் எல்ஃப்கள் பாழடைந்த ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறார்கள்; துறைமுகத்தில் உழைக்கும் ஆர்கோனியர்களுக்கு மதிலுக்குள் குடியிருக்க இடமில்லை. விடுதலை பேசுகிற தலைவர், தன் ஊரிலேயே இவர்களுக்கு அதைத் தரவில்லை. அதனால் என் ஓட்டு பேரரசுக்கே.